ஐபி டிப்ளமோவில் சேரும் முன்: ஒரு கெமிஸ்ட்ரி டீச்சரின் கையேடு

"மிஸ், இது ரொம்பக் கஷ்டமாமே?" பாடத்தேர்வுக் கூட்டத்தில் என் எதிரே வந்து உட்காரும் பெற்றோரில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். மீதிப் பேர், "இதை முடிச்சா எந்த யூனிவர்சிட்டியிலும் சீட் கிடைக்குமாமே?" என்பார்கள். இரண்டு பேரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். எந்தப் பிள்ளை, எந்தப் பாடங்கள், எந்தப் பள்ளி? இந்த மூன்றும் தெரியாமல் ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலாரியட்) டிப்ளமோ நல்லதா கெட்டதா என்று பேசுவது வெறும் அரட்டை.

இந்த டிப்ளமோவுக்குப் பல வருடங்களாகக் கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். சந்தோஷமாக முடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன், நடுவில் நொந்துபோனவர்களையும் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு ஊறிப்போன கருத்து ஒன்று உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது எழுதுகிறவர்களுக்கான படிப்பு. பரீட்சையில் மார்க் வாங்கத் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரே வேலையை வாரக்கணக்கில் கையில் வைத்துக்கொண்டு, ஆசிரியர் கோடு போட்டுத் திருப்பித் தந்ததும் முகம் சுளிக்காமல் திரும்ப எழுதுகிற பிள்ளைக்கு இந்த இரண்டு வருடம் பிடித்துப்போகும். அப்படி இல்லாத பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் திணறும்.

அமைப்பு, சுருக்கமாக

ஜெனீவாவில் 1968-இல் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் பேக்கலாரியட் அமைப்பு நடத்துகிற இரண்டு வருடப் படிப்பு இது. 16 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கானது. ஆறு பாடங்கள் எடுக்க வேண்டும். நன்றாகத் தெரிந்த மொழியில் இலக்கியம், கற்றுக்கொள்ளும் இன்னொரு மொழி, வரலாறு அல்லது எகனாமிக்ஸ் போன்ற சமூகப் பாடம், ஓர் அறிவியல், கணிதம், ஒரு கலை. கலை வேண்டாம் என்றால் அந்த இடத்தில் இன்னொரு அறிவியலோ, சமூகப் பாடமோ, மொழியோ வைத்துக்கொள்ளலாம்.

ஆறில் மூன்று ஹையர் லெவல், மூன்று ஸ்டாண்டர்ட் லெவல். பள்ளிகளில் ஹெச்எல், எஸ்எல் என்றுதான் பேசிக்கொள்வோம். ஹெச்எல் பாடத்துக்கு 240 மணி நேர வகுப்பு, எஸ்எல்லுக்கு 150 மணி நேரம் என்பது ஐபி சொல்லும் அளவு. ஒவ்வொரு பாடத்துக்கும் 7 புள்ளி, ஆக 42. இதற்கு மேல் எல்லோருக்கும் பொதுவான மூன்று விஷயங்கள் உண்டு. எக்ஸ்டெண்டட் எஸ்ஸே என்கிற நீண்ட ஆய்வுக் கட்டுரை, ஒன்று நமக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்கிறோம் என்று யோசிக்க வைக்கிற 'தியரி ஆஃப் நாலெட்ஜ்' (சுருக்கமாக டிஓகே), பிறகு வகுப்புக்கு வெளியே செய்யும் செயல்பாடுகளான காஸ். முதல் இரண்டும் சேர்ந்து அதிகபட்சம் 3 புள்ளி தரும். மொத்தம் 45.

தேற 24 வேண்டும். அதோடு சில நிபந்தனைகள். மூன்று ஹெச்எல்லும் சேர்ந்து குறைந்தது 12, மூன்று எஸ்எல்லும் சேர்ந்து குறைந்தது 9. எந்தப் பாடத்திலும் 1 வரக்கூடாது. எக்ஸ்டெண்டட் எஸ்ஸேயிலோ டிஓகேயிலோ கடைசி கிரேடான 'இ' வாங்கினால், மற்றதெல்லாம் பிரமாதமாக இருந்தாலும் டிப்ளமோ கிடையாது. காஸ் முடிக்காவிட்டாலும் அதே கதி.

இந்த 45-ஐ நூற்றுக்கு மாற்றிப் பார்க்காதீர்கள். 30 புள்ளி என்றதும் மனக்கணக்கில் 67 சதவீதம் என்று போட்டு முகம் வாடுகிற அப்பாக்களை நிறையப் பார்த்துவிட்டேன். உலக அளவில் சராசரியே 30-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. 30 கௌரவமான மதிப்பெண், 36 நல்ல மதிப்பெண். 40-ஐத் தாண்டுகிறவர்கள் சிறுபான்மை.

முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

பாடப் பட்டியலை எடுப்பதற்கு முன், பிள்ளை பிறகு என்ன படிக்க ஆசைப்படுகிறது என்று கேளுங்கள். "தெரியலை" என்பது முழுக்க நியாயமான பதில்தான். இரண்டு மூன்று சாத்தியங்களாவது சொல்லச் சொல்லுங்கள். அந்தப் படிப்புகளுக்கு நீங்கள் நினைக்கும் பல்கலைக்கழகங்களின் சேர்க்கைப் பக்கங்களைத் திறந்து நேரடியாகப் படியுங்கள். உறவினர் சொன்னது, பக்கத்து வீட்டுப் பையன் போன வருடம் சேர்ந்தது எல்லாம் இங்கே செல்லாது, விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும்.

படிக்கும்போது ஒரு தாளில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தம் எத்தனை புள்ளி கேட்கிறார்கள்? எந்தெந்தப் பாடம் ஹெச்எல்லில் வேண்டும், அதில் எத்தனை? பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் இடம் தரும்போது, மொத்தம் இவ்வளவு, ஹெச்எல் மூன்றிலும் 6, 6, 5 என்பது போலத் தனியாக நிபந்தனை வைக்கும். மொத்தம் வந்து ஹெச்எல்லில் ஒரு புள்ளி நழுவியதால் இடம் போனவர்களும் உண்டு. எந்தக் கணிதம் கேட்கிறார்கள்? இதுதான் பலர் கவனிக்காமல் விடும் வரி, கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பொதுவான நிலவரம் இதுதான். இன்ஜினியரிங்குக்கு கணிதமும் பிசிக்ஸும் ஹெச்எல். மருத்துவத்துக்கு கெமிஸ்ட்ரி ஹெச்எல் ஏறக்குறைய கட்டாயம், பயாலஜியும் பல இடங்களில் ஹெச்எல்லில் வேண்டும். போட்டி அதிகமுள்ள எகனாமிக்ஸ் படிப்புகள் எகனாமிக்ஸ் பாடத்தைவிடக் கணிதத்தைத்தான் உற்றுப் பார்க்கும். சட்டம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் குறிப்பிட்ட பாடம் என்று எதுவும் கேட்பதில்லை, நல்ல மதிப்பெண் வந்தால் போதும்.

இன்னொன்று, அங்கீகாரம். படிக்கப் போகும் நாடு, பிறகு வேலை பார்க்க நினைக்கும் நாடு, இரண்டிலும் இந்த டிப்ளமோவைப் பள்ளியிறுதிச் சான்றுக்குச் சமமாக ஏற்கிறார்களா, என்ன நிபந்தனையோடு ஏற்கிறார்கள் என்று பாருங்கள். ஜெர்மனி போன்ற நாடுகள் எந்தப் பாடம், எந்த நிலை என்று தனியாக விதி வைத்திருக்கின்றன. முழு டிப்ளமோ வாங்காமல் தனித்தனிப் பாடங்களுக்கு மட்டும் சான்றிதழ் வாங்கினால் பல இடங்களில் அது போதாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, ஹெச்எல்லில் 5-ஓ அதற்கு மேலோ வாங்கினால் கல்லூரி கிரெடிட் கொடுக்கும். கிரெடிட் இல்லாமல் மேல்நிலை வகுப்பில் உட்கார மட்டும் அனுமதிப்பவையும் உண்டு.

தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். மே மாதத் தேர்வுக்கு முடிவு ஜூலையில், நவம்பர் தேர்வுக்கு வருடக் கடைசியை ஒட்டி. உங்கள் பள்ளி எந்தப் பருவத்தைச் சேர்ந்தது, கல்லூரி தொடங்கும் மாதத்தோடு அது பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள். விண்ணப்பிக்கும் நேரத்தில் உண்மையான மதிப்பெண் கையில் இருக்காது. ஆசிரியர்கள் கணித்துத் தரும் மதிப்பெண்ணை வைத்துத்தான் பல இடங்களில் தற்காலிக இடம் கிடைக்கும்.

எழுத்துச் சோதனை

இப்போது என் பிடிவாதத்துக்கு வருகிறேன். இரண்டு வருடத்தில் ஒரு மாணவி எழுதி முடிக்க வேண்டியவற்றைப் பாருங்கள்.

எக்ஸ்டெண்டட் எஸ்ஸே, 4000 சொல் வரை. கேள்வியை மாணவியே தேர்ந்தெடுக்க வேண்டும், மூலங்களைத் தேட வேண்டும், மேற்பார்வை ஆசிரியரை மூன்று முறை கட்டாயமாகச் சந்தித்துப் பேச வேண்டும். டிஓகே கட்டுரை 1600 சொல் வரை, அதோடு மூன்று பொருள்களை வைத்து ஒரு கண்காட்சியும் விளக்கமும். இலக்கியத்தை ஹெச்எல்லில் எடுத்தால் 1200 முதல் 1500 சொல்லுக்கு ஒரு கட்டுரை. எகனாமிக்ஸ் எடுத்தால் செய்திகளை வைத்து மூன்று விமர்சனங்கள், ஒவ்வொன்றும் 800 சொல்லுக்குள். அறிவியல் பாடம் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக வடிவமைத்த ஆய்வு, 3000 சொல் வரை. கணிதத்துக்கும் ஓர் ஆய்வுக் கட்டுரை உண்டு. ஆமாம், கணிதத்துக்கும்தான். பிள்ளைகள் இதைக் கேட்டதும் விழிக்கிற விழி இருக்கிறதே!

இவற்றில் பள்ளி ஆசிரியர்களே முதலில் மதிப்பிடும் வேலைகளை ஐ.ஏ. (இன்டர்னல் அசெஸ்மென்ட்) என்போம். அறிவியலிலும் கணிதத்திலும் இறுதி மதிப்பெண்ணில் 20 சதவீதம் இதற்கு. மொத்தத்தில் பரீட்சை ஹாலுக்குள் போவதற்கு முன்பே கணிசமான மதிப்பெண் முடிவாகிவிடும். கடைசி மூன்று மாதம் விழுந்து விழுந்து படித்துப் பிடித்துவிடலாம் என்கிற பழக்கம் இங்கே உதவாது.

என் பாடத்திலிருந்தே ஓர் உதாரணம். கெமிஸ்ட்ரி ஐ.ஏ.வுக்கு கேள்வி கொண்டுவரச் சொன்னால், முதல் வாரம் பாதி வகுப்பு பழச்சாற்றில் வைட்டமின் சி எவ்வளவு என்று வந்து நிற்கும். அதில் தவறு ஒன்றும் இல்லை, எனக்குத்தான் அலுத்துவிட்டது. வித்தியாசம் அதற்குப் பிறகுதான் தெரியும். ஒருவன் பிசிக்ஸிலும் கெமிஸ்ட்ரியிலும் வகுப்பிலேயே முதல், எதைக் கேட்டாலும் நொடியில் பதில் சொல்வான். அவன் டைட்ரேஷன் அளவுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. "சரியாத்தான் செஞ்சேன் மிஸ்" என்று அப்படியே எழுதிக் கொடுத்தான். வகுப்பில் நடுவரிசையில் இருந்த ஒருத்திக்கும் அதே போல அளவுகள் தாறுமாறாக வந்தன. அவள் ஏன் அப்படி வந்தது என்று யோசித்து, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தாததைக் கண்டுபிடித்து, லேப் நேரம் கேட்டு வாங்கித் திரும்பச் செய்தாள். அறிக்கையையும் முழுக்க மாற்றி எழுதினாள். யாருடையது உயர்ந்த மதிப்பெண் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனவே சேரும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை வையுங்கள். பிள்ளைக்குப் பிடித்த எதைப் பற்றியாவது அவர்களே ஒரு கேள்வி எழுப்பட்டும். கிரிக்கெட், பறவை, பழைய கட்டிடம், வீடியோ கேம், எதுவானாலும் சரி. இரண்டு வாரத்தில் 800 சொல்லில் அதற்குப் பதில் எழுதட்டும், எங்கிருந்து எடுத்தார்கள் என்பதையும் குறிக்கட்டும். முடித்ததும் நீங்களோ, தெரிந்த ஆசிரியரோ, அக்கா அண்ணனோ படித்து, "இந்த இடம் புரியலை, இதுக்கு ஆதாரம் எங்கே" என்று நான்கு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுங்கள். கட்டுரை எப்படி இருந்தது என்பது முக்கியமில்லை, திருப்பிக் கொடுத்த பிறகு என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். முனகிக்கொண்டே உட்கார்ந்து திருத்தினால் சரி. முனகல் எல்லாப் பிள்ளைகளிடமும் உண்டு. இரண்டு வாரமும் தொடவே இல்லை, அல்லது கேள்விகளைப் பார்த்ததும் அழுகையும் சண்டையும் என்றால் யோசிக்க வேண்டும். ஏஐயிடம் கேட்டு ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிட்டால் அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஏஐ எழுதியதை மேற்கோளாகக் காட்டாமல் தன் எழுத்து என்று கொடுப்பதை ஐபி நேர்மைக் குறைவாகவே பார்க்கிறது. பிடிபட்டால் அந்தப் பாடத்துக்கு மதிப்பெண்ணே இல்லாமல் போகலாம்.

இந்த வேலைகளெல்லாம் இரண்டு வருடத்துக்கும் சீராகப் பரவியிருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டாம் வருடத்தின் முதல் பாதியில் ஐ.ஏ. வரைவுகள், எக்ஸ்டெண்டட் எஸ்ஸேயின் இறுதி வடிவம், டிஓகே கட்டுரை, பல்கலைக்கழக விண்ணப்பங்கள் எல்லாம் கல்யாண வீட்டு வேலை மாதிரி ஒரே நேரத்தில் வந்து விழும். அந்த மாதங்களில்தான் பிள்ளைகள் அழுவார்கள். எக்ஸ்டெண்டட் எஸ்ஸேயின் முதல் வரைவை முதல் வருட விடுமுறையிலேயே முடித்தவர்கள் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார்கள்.

பாடத் தேர்வில் சிக்கும் இடங்கள்

கணிதத்தில் இரண்டு வகை உண்டு. 'அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்' ஒன்று, 'அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரடேஷன்' இன்னொன்று. பள்ளியில் ஏஏ, ஏஐ என்பார்கள் (செயற்கை நுண்ணறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). இரண்டிலும் ஹெச்எல், எஸ்எல் உண்டு, ஆக நான்கு வாசல். ஏஏ இயற்கணிதம், கால்குலஸ், நிரூபணம் என்று போகும். ஏஐயில் புள்ளியியல், மாதிரியாக்கம், கால்குலேட்டரை நம்பிய வேலை அதிகம். ஏஐ என்றாலே சுலபம் என்கிற பேச்சை நம்பாதீர்கள். ஏஐ ஹெச்எல் கனமான பாடம். கஷ்டம் இருந்தும் சில இன்ஜினியரிங், கணித, எகனாமிக்ஸ் துறைகள் ஏஏ ஹெச்எல்லைத்தான் கேட்கும், ஏஐயை ஏற்காது. என்ன படிப்பது என்று முடிவாகாத, கணிதம் ஓரளவு வருகிற பிள்ளைக்கு நான் சொல்வது ஏஏ. ஹெச்எல் தாங்காவிட்டால் ஏஏ எஸ்எல்லுக்கு இறங்கலாம். உளவியல், சமூகவியல், டிசைன் பக்கம் போகிறவர்களுக்கு ஏஐ எஸ்எல் தாராளமாகப் போதும், வீண் கௌரவம் வேண்டாம்.

மூன்று அறிவியல் ஆசை. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றும் வேண்டும் என்று நிறையப் பேர் வருவார்கள். ஆறு இடத்தில் அறிவியலுக்கு ஓர் இடம், கலைக்குப் பதிலாக இன்னோர் இடம், அவ்வளவுதான். மூன்றாவதற்கு இடம் இல்லை. ஒரு நாட்டின் பல்கலைக்கழக விதியே மூன்றையும் கட்டாயமாகக் கேட்டால், அதற்கான ஆதாரத்தோடு பள்ளி ஐபியிடம் தனி அனுமதி கேட்கலாம். "எதற்கும் இருக்கட்டுமே" என்பது காரணமாகாது. நான்கு ஹெச்எல் எடுக்கும் ஆசையும் இதே வகைதான். விதி அனுமதிக்கும், எனக்குப் பிடிக்காது. ஒரு ஹெச்எல்லில் 6 வாங்குவதற்கான நேரத்தை இன்னொன்று தின்றுவிடும்.

சுற்றுச்சூழல் பாடம் ஒன்று, 'என்விரான்மென்டல் சிஸ்டம்ஸ் அண்ட் சொசைட்டீஸ்', அறிவியல் இடத்தையும் சமூகப் பாட இடத்தையும் ஒன்றாக நிரப்பும். அதை எடுத்தால் ஓர் இடம் மிச்சமாகும். மூன்றாவதாக ஒரு மொழி, இரண்டாவதாக ஒரு கலை என்று வேறு திசையில் ஆசை உள்ளவர்களுக்கு இது நல்ல வழி.

மொழிகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இரண்டாம் மொழியில், முன்பே படித்தவர்களுக்கு ஒரு நிலை, அறவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 'அப் இனிஷியோ' என்று ஒரு நிலை. இந்த அப் இனிஷியோ எஸ்எல்லில் மட்டும்தான். சுலபமாக 7 வாங்கலாம் என்று ஏற்கெனவே தெரிந்த மொழியை அதில் எடுக்க முயல்பவர்கள் உண்டு. பள்ளி அதை அனுமதிக்கக் கூடாது, ஐபியும் அனுமதிப்பதில்லை. இதைவிட முக்கியமானது தாய்மொழி. பள்ளியில் அந்த மொழிக்கு ஆசிரியர் இல்லாவிட்டாலும், பள்ளியின் துணையோடு தானே படிக்கும் வழி இலக்கியப் பாடத்தில் இருக்கிறது, எஸ்எல்லில். நூல்களைத் தேர்ந்து, படித்து, அந்த மொழியிலேயே எழுத வேண்டும். உங்கள் மொழி அந்த வருடத்துப் பட்டியலில் இருக்கிறதா, முன்கூட்டியே கோரிக்கை அனுப்ப வேண்டுமா என்று பள்ளியின் ஐபி ஒருங்கிணைப்பாளரிடம் சேரும் முன்பே கேளுங்கள், சேர்ந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். தாய்மொழியையும் ஆங்கிலத்தையும் இரண்டையுமே இலக்கிய நிலையில் எடுத்து, இரண்டிலும் 3-க்குக் குறையாமல் வாங்கினால் கிடைப்பது இருமொழி டிப்ளமோ. வீட்டில் தமிழ் பேசினாலும் தமிழில் ஒரு பக்கம் எழுதத் தயங்கும் பிள்ளைக்கு இது எளிதல்ல, ஆனால் வாசிக்கும் பழக்கம் உள்ள பிள்ளை இதில் மலர்ந்துவிடும். கெமிஸ்ட்ரி டீச்சர் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள்.

விஷுவல் ஆர்ட்ஸ் எடுத்தால் ஓய்வாக இருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. படைப்பு, அதன் பின்னால் உள்ள தேடல், தோற்றுப்போன முயற்சிகள் எல்லாவற்றையும் ஆவணமாக்கித் தர வேண்டிய பாடம் அது. வரையப் பிடித்தவர்கள் எடுங்கள், ஓய்வெடுக்க நினைப்பவர்கள் வேண்டாம்.

காஸ்

படைப்பு, விளையாட்டு போன்ற உடற்செயல்பாடு, சேவை மூன்றும் சேர்ந்தது காஸ். பதினெட்டு மாதம் தொடர்ந்து செய்து பதிவு செய்ய வேண்டும், மதிப்பெண் கிடையாது. பிள்ளை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதிலிருந்தே தொடங்கலாம். சான்றிதழ் சேர்ப்பதற்காகப் பணம் கட்டிச் செல்லும் சேவைப் பயணங்கள் எதற்கும் தேவையில்லை. பதிவுகளை வாரா வாரம் எழுதிவிடுங்கள், கடைசி மாதத்தில் பழைய போட்டோக்களைத் தேடித் தேடி எழுதுவதைப் போல அபத்தம் வேறில்லை.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை

டிப்ளமோ ஒன்றுதான், பள்ளிக்குப் பள்ளி அனுபவம் அடியோடு மாறும். முதலில், அந்தப் பள்ளி அங்கீகாரம் பெற்ற ஐபி பள்ளியா, இன்னும் விண்ணப்ப நிலையில் உள்ள 'கேண்டிடேட்' பள்ளியா என்று ஐபியின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். விண்ணப்ப நிலையில் இருப்பது அங்கீகாரம் வருமென்பதற்கு உத்தரவாதமில்லை.

பள்ளியைச் சுற்றிக் காட்டும்போது நீச்சல் குளத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். "உங்கள் டாப்பர் எவ்வளவு" என்று கேட்காதீர்கள், எல்லாப் பள்ளியிலும் ஒரு டாப்பர் இருப்பார். டிப்ளமோவில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், நடுவில் விலகியவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். சராசரி மட்டுமல்ல, கீழ்ப் பாதியில் இருப்பவர்கள் என்ன வாங்கினார்கள் என்றும் கேளுங்கள். உங்கள் பிள்ளை எந்தப் பாதியில் இருக்கும் என்று இப்போதே யாருக்கும் தெரியாது. பள்ளி கணித்துத் தந்த மதிப்பெண்ணுக்கும் உண்மையில் வந்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்பது அடுத்த கேள்வி. வாரி வழங்குகிற பள்ளியால் முடிவு வரும் நாளில் நொறுங்குபவர்கள் உண்டு, கஞ்சத்தனமான பள்ளியால் நல்ல இடத்துக்கு விண்ணப்பிக்கவே துணியாதவர்களும் உண்டு.

பிறகு கால அட்டவணை. பட்டியலில் முப்பது பாடம் இருக்கும். பிசிக்ஸும் எகனாமிக்ஸும் ஒரே நேரத்தில் வைக்கப்பட்டிருந்தால் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். உங்கள் பிள்ளையின் ஆறு பாடங்களையும் எழுதிக் கொடுத்து, "இந்தச் சேர்க்கை இந்த வருடம் நடக்குமா" என்று நேராகக் கேளுங்கள். ஹெச்எல்லும் எஸ்எல்லும் ஒரே வகுப்பில் ஒன்றாக நடக்கிறதா, அப்படியானால் ஹெச்எல் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் எப்போது? ஐ.ஏ. கெடு நாள்களை ஒரே காலண்டரில் ஒருங்கிணைக்கிறார்களா, அல்லது ஆறு ஆசிரியரும் ஒரே வாரத்தில் கேட்பார்களா? அந்தக் காலண்டரைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் பள்ளியைப் பற்றி நான் நல்ல அபிப்பிராயம் வைத்துக்கொள்ள மாட்டேன். தேர்வுக் கட்டணம் பள்ளிக் கட்டணத்தில் அடங்குமா, தனியா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

முடிந்தால் இரண்டாம் வருட மாணவர்கள் இருவரோடு, ஆசிரியர்கள் பக்கத்தில் இல்லாமல், பத்து நிமிடம் உங்கள் பிள்ளையைப் பேசவிடுங்கள். எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள் என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

வேறு வழிகளும் இருக்கின்றன

எழுத்துச் சோதனையில் தயக்கம் தெரிந்தால், அல்லது பிள்ளைக்கு ஒரே பக்கம்தான் நாட்டம் என்றால், பிரிட்டனின் ஏ லெவலைப் பாருங்கள். பொதுவாக மூன்று பாடம், அவற்றில் ஆழமாக. கணிதம், ஃபர்தர் மேத்ஸ், பிசிக்ஸ் என்று மூச்சாக வாழும் பிள்ளையை இரண்டாம் மொழியும் டிஓகேயும் எழுத வைத்து வதைப்பானேன்? அமெரிக்க ஏ.பி. பாடங்களைத் தனித்தனியாக எடுக்கலாம், 1 முதல் 5 வரை மதிப்பெண். அதிலும் ஆராய்ச்சி எழுத்து வேண்டும் என்பவர்களுக்கு 'செமினார்', 'ரிசர்ச்' என்ற இரண்டோடு வேறு நான்கு ஏ.பி. தேர்வுகளிலும் 3-க்குக் குறையாமல் வாங்கினால் கேப்ஸ்டோன் டிப்ளமோ உண்டு. உங்கள் நாட்டுப் பள்ளிக் கல்வி வாரியத்திலேயே தொடர்வதும் மதிப்பான முடிவுதான், குறிப்பாக நுழைவுத் தேர்வை நம்பிய படிப்புக்குப் போவதாக இருந்தால். ஐபியின் வேலைச்சுமையையும் நுழைவுத் தேர்வுப் பயிற்சியையும் ஒன்றாகச் சுமந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டுமே அரைகுறையாகத்தான் நின்றன.

ஐபிக்குள்ளேயே தொழில் சார்ந்த இன்னொரு திட்டமும் இருக்கிறது, கரியர் ரிலேட்டட் ப்ரோகிராம். குறைந்தது இரண்டு டிப்ளமோ பாடங்களும் ஒரு தொழிற்படிப்பும் சேர்ந்தது. எல்லாப் பள்ளியிலும் இல்லை, இருக்கிற பள்ளியில் கேட்டுப் பாருங்கள்.

படிவத்தை நிரப்பும்போது

எழுதப்போவது பிள்ளை, எனவே பாடப் பெயர்களை அவர்கள் கையாலேயே நிரப்பட்டும். ஒவ்வொரு ஹெச்எல் பாடத்துக்கும் எதிரே ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். "அப்பா சொன்னார்", "ஃப்ரெண்ட் எடுக்கிறாள்" என்று வந்தால் அந்தப் பாடத்தைப் பற்றி இன்னொரு முறை பேசுங்கள். மூன்று ஹெச்எல்லில் ஒன்றாவது பிள்ளைக்கு உண்மையாகவே பிடித்ததாக இருக்கட்டும். எக்ஸ்டெண்டட் எஸ்ஸேயைப் பெரும்பாலும் அந்தப் பாடத்தில்தான் எழுதுவார்கள், பிடிக்காத பாடத்தில் 4000 சொல் எழுதுவது தண்டனை.

பாடத்தையோ நிலையையோ மாற்ற எந்தத் தேதி வரை அனுமதி என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு, படிவத்தின் நகலிலேயே குறித்து வையுங்கள். ஹெச்எல்லிலிருந்து எஸ்எல்லுக்கு இறங்குவது முதல் வருட முடிவு வரைகூடப் பல பள்ளிகளில் முடியும். எஸ்எல்லிலிருந்து ஹெச்எல்லுக்கு ஏறுவது முதல் சில வாரங்களைத் தாண்டினால் நடக்காது. அதனால் சந்தேகம் உள்ள பாடத்தை ஹெச்எல்லில் தொடங்கிப் பார்ப்பது நல்லது, இறங்கினால் பல்கலைக்கழக நிபந்தனை இடிக்குமா என்பதை மட்டும் அந்தக் குறிப்புத் தாளில் சரிபார்த்துக்கொண்டு.